மூன்று போகம் கண்ட லினக்ஸ்

வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளடங்கிக் கிடக்கும் கீழ்மடைப்பட்டில், பயிர் விவரப் பதிவு மையம் எண் நான்கு என்று ஓர் அரசு அலுவலகம் உண்டு. அதில் ஒரு மேற்பார்வையாளர், ஒரு வவுச்சர் ஊழியர், ஒரு மடிக்கணினி ஆக மூன்று பேர் பணிபுரிந்து வந்தார்கள். மூவரில் மடிக்கணினிக்குத்தான் இடமாற்றம் அதிகம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது போக மிஞ்சி, மூன்று அலுவலகம் மாறி, ஒவ்வோர் அலுவலகத்திலும் முதுகில் ஒரு ஸ்டிக்கர் வாங்கிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்திருந்தது.

காலையில் பொத்தானை அமுக்கினால் முதலில் ஒரு பெருமூச்சு விடும். பிறகு திரையில் வட்டம் ஒன்று சுற்றும். சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். வவுச்சர் ஊழியர் அருள்மொழி அதற்குள் அலுவலகம் பெருக்கி, குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்து, கடைக்குப் போய் ஒரு டீயும் குடித்துவிட்டு வருவாள். வட்டம் அதே மரியாதையோடு சுற்றிக்கொண்டிருக்கும். வவுச்சர் ஊழியர் என்றால், இந்த மாதம் வேலை உண்டு. அடுத்த மாதம் உண்டா என்பது அடுத்த மாதம்தான் தெரியும். ஆகையால் வட்டம் சுற்றுவதை அவள் ஒரு குறையாக யாரிடமும் சொன்னதில்லை.

கார்த்திகை மழைதான் அவளைப் பேச வைத்தது. சம்பா கதிர் தள்ளுகிற நேரம் பார்த்து ஆறு நாள் வயலில் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் கதிரெல்லாம் சேற்றோடு சேறு. அரசு மனமிரங்கியது. பாதிக்கப்பட்ட உழவர்களின் விவரத்தை இருபத்தொரு நாளுக்குள் இணையதளத்தில் ஏற்றினால் நிவாரணம் வரும் என்று அறிவித்தது. மையம் எண் நான்கில் அப்படி இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

அந்த இணையதளம், பதிவு செய்யப்பட்ட அலுவலக மடிக்கணினியைத் தவிர வேறு எதிலும் திறக்காது, அது பாதுகாப்பு. ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் தானாக மூடிக்கொள்ளும், அதுவும் பாதுகாப்பு. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போக மடிக்கணினிக்கு ஏழு நிமிடம் ஆகும், அது வயசு. ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவிலுள்ள அந்த இரண்டு நிமிடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பம் மாட்டிக்கொண்டது. நாலு நாள் முட்டிமோதியும் அருள்மொழியால் ஒரு பேரைக்கூட முழுசாக ஏற்ற முடியவில்லை.

ஒண்ணரைக் காணி சம்பாவைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்ட காசம்மாள் தினமும் பத்து மணிக்கு வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"இன்னாடி அருளு, என் பேரு ஏறிச்சா?"

"ஏறிக்கினே இருக்கு பெரிம்மா."

"நேத்தும் இதான் சொன்ன. எம்மாந்தூரம் ஏறணும் அது? மலையா?"

அன்று மத்தியானம் அருள்மொழி துணிந்து மேற்பார்வையாளர் செல்லப்பன் மேசை முன் போய் நின்றாள்.

"சார், இந்தக் கணினிக்குள்ள இருக்கிற சிஸ்டம் இதுக்கு ரொம்ப கனம். அத எடுத்துட்டு லைட்டா ஒரு லினக்ஸ் போட்டா ஓடிடும். பழைய மிஷினுக்குன்னே பண்ணது நெறைய இருக்கு. பப்பி, லுபுண்டு, போதின்னு மூணு பாத்து வெச்சிருக்கேன். எதப் போடலாம்னு நீங்க சொல்லிட்டா அரை மணி நேர வேலை. பென்டிரைவ் எங்கிட்டயே இருக்கு."

செல்லப்பன் கெட்டவர் அல்ல. இருபத்தெட்டு வருட சர்வீஸில் அவர் கையெழுத்துப் போட்டு எந்த முறைகேடும் நடந்ததில்லை. கையெழுத்துப் போட்டு வேறு எதுவும் நடந்ததில்லை என்பதும் உண்மை.

"போடலாம்மா. நல்ல விஷயந்தான். ஆனா ஒரு அரசு அலுவலகத்துக்குள்ள புதுசா ஒண்ணு வருதுன்னா அதுக்கு ஒரு படிவம் வேணுமில்ல?"

அலமாரியைத் திறந்து தேடினார். மையத்தில் இருந்தவை மொத்தம் மூன்று வகைப் படிவம். ஒன்று விடுப்புக்கு. ஒன்று மின்விசிறி பழுதுக்கு. மூன்றாவது, 'புதிய ரகம் அறிமுகம் செய்தல்'. மூன்றாவதைத் தூசி தட்டி எடுத்தார்.

"சார், இது நெல்லு ரகத்துக்கு."

"எனக்குத் தெரியும்மா இது நெல்லு இல்லன்னு. கோப்புக்குத் தெரியாது. உக்காரு. ரகத்தோட பேரு?"

அருள்மொழி யோசித்தாள். கெடு முடியப் பதினேழு நாள் இருந்தது. ஒரு படிவம்தானே, போய்த் தொலையட்டும் என்று உட்கார்ந்தாள்.

"லினக்ஸ், சார். பப்பி, லுபுண்டு, போதின்னு அதுல மூணு."

"நாட்டு ரகமா, கலப்பினமா?"

"உலகம் பூரா ஆளுங்க சேந்து பண்றது."

"கலப்பினம். வயசு?"

"எந்த வயசு?"

"வெதைச்சதுலருந்து அறுக்கிற வரைக்கும்."

"பட்டன அமுக்குனதுலருந்து தெறக்கிற வரைக்கும் நாப்பது செகண்டு ஆவும்."

'மிகக் குறுகிய காலப் பயிர்' என்று எழுதினார். "பூச்சி, நோய்?"

"வைரஸ் அவ்வளவா வராது சார்."

"மருந்து அடிக்கணுமா?"

"தேவையில்ல."

"இயற்கை வேளாண்மைக்கு ஏற்றது. அடேங்கப்பா, மேலிடத்துல இதுக்கு இப்ப ரொம்ப கிராக்கி. அறுத்ததுலருந்து சொந்த விதை எடுக்கலாமா?"

"எத்தினி பேருக்கு வேணாலும் காப்பி போட்டுக் குடுக்கலாம். யாரும் கேக்க மாட்டாங்க."

செல்லப்பன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னாம்மா நீ. இத்தினி நாளா இத எங்க வெச்சிருந்த?"

படிவம் தக்க மேல்நடவடிக்கைக்காகத் தலைமையகத்துக்குப் பணிவுடன் அனுப்பி வைக்கப்பட்டது. மூன்றாம் நாளே பதில் வந்தது. அந்தத் தலைமையகத்திலிருந்து மூன்றாம் நாளில் பதில் வந்ததாக வரலாறு இல்லை. இயற்கை வேளாண்மை என்ற சொல் வேலை செய்துவிட்டது. மேற்படி மூன்று ரகங்களையும் ஏற்கெனவே உள்ள ரகத்தோடு ஒப்பிட்டு, சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய மூன்று போகத்திலும் ஆய்வு செய்து, சிறந்ததை வெளியிட வேண்டும் என்று உத்தரவு.

மூன்று போகம் என்றால் ஒரு வருடம். அருள்மொழிக்கு அழுகை வந்தது. ஆனால் ஆய்வுக்கென்று ஐந்து நாள் கழித்து ஜீப்பில் வந்திறங்கிய அதிகாரி விஜயராஜ், இரக்க சுபாவமுள்ள மனிதர்.

"பேரிடர் காலம்னு ஒரு விதிவிலக்கு இருக்கு மேடம். ஒரு போகத்த மூணு நாளாச் சுருக்கிக்கலாம். ஒம்பது நாள்ல முடிச்சிருவோம்."

"சார், தப்பா நெனைக்காதீங்க. இது பயிர் இல்ல. கம்ப்யூட்டர்ல போடுறது."

விஜயராஜ் முகம் மாறாமல் தலையசைத்தார். "தெரியும் மேடம். எங்க வூட்ல பையன் லினக்ஸ்தான் வெச்சிருக்கான். நல்லா ஓடுது. ஆனா படிவம் எங்கிட்ட வந்திருக்குதே, நான் இன்னா பண்ண?"

பண்ண வேண்டியதைப் பண்ணினார்கள். கணினியின் வட்டு நாலு சமபாகமாகப் பிரிக்கப்பட்டு, மூன்றில் மூன்று லினக்ஸும் நாலாவதில் பழைய சிஸ்டமும் நடவு செய்யப்பட்டன. ஒன்றின் மேல் ஒன்று படராமல் இருக்க நடுவே கொஞ்சம் இடம் வரப்பாக விடப்பட்டது. மேசையைச் சுற்றி நாலு கம்பு நட்டு, கயிறு கட்டி, 'ஆய்வுத் திடல்: உள்ளே வராதீர்' என்று பலகை மாட்டப்பட்டது.

முதல் மூன்று நாள் சொர்ணவாரி. அது கோடைப் பயிர் என்பதால் கதவையும் ஜன்னலையும் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, இரண்டு குண்டு பல்பு எரியவிட்டு, விஜயராஜ் வியர்க்க வியர்க்கக் குறிப்பெடுத்தார். மூடியிருந்த ஜன்னலைக் காசம்மாள் வெளியிலிருந்து தட்டினாள்.

"இன்னாடி பண்றீங்க உள்ள?"

"சொர்ணவாரி பெரிம்மா."

"கார்த்திகையிலயா?"

"இங்க மட்டும்."

அடுத்த மூன்று நாள் சம்பா. அதற்குச் சிரமமே இல்லை. மறுபடி மழை பிடித்தது. கூரை மேசைக்கு நேராக ஒழுகியது. அருள்மொழி வாளி வைக்கப் போனாள். இயற்கைச் சூழலைக் கெடுக்க வேண்டாம் என்று விஜயராஜ் தடுத்துவிட்டார். எழுத்துப் பலகையில் இரண்டு எழுத்து செத்துப்போயின. 'மழையால் பயிர்ச் சேதம் முப்பத்துமூன்று சதவீதம்' என்று அவர் அன்றே தன் போனில் தலைமையகத்துக்கு அனுப்பினார். துறையின் சொந்த ஆய்வுத் திடல்களின் சேதத்தைத் தலைமையகமே தளத்தில் ஏற்றிக்கொள்ளும் என்பது முறை.

இதற்குள் சேதி ஊருக்குள் கசிந்து, லினக்ஸ் ஒரு மோஸ்தர் ஆகிவிட்டது. முப்பது காணிக்காரர் தங்கவேல், ஊருக்கு எது புதிதாக வந்தாலும் முதலில் தன் வீட்டில் இறங்க வேண்டும் என்ற கொள்கை உடையவர். டிரோன் மருந்தடிப்பு வந்தபோது நெல்லே இல்லாத தரிசுக்கும் அடிக்க வைத்தவர். அவர் 'லினக்ஸ் முன்னோடி உழவர்' என்று தன் படம் போட்டு முச்சந்தியில் ஃபிளெக்ஸ் வைத்தார். மறுநாள் எதிர்ப்பக்கம் இன்னொன்று முளைத்தது. டீக்கடையில் ஊர் மூன்றாகப் பிரிந்தது.

"நம்ம மண்ணுக்கு பப்பிதான்பா. சும்மா குட்டியா இருந்தாலும் வெடிப்பா வரும்."

"லுபுண்டு தூர் கட்டுற மாதிரி அது கட்டுமா?"

"நீ இன்னாத்தக் கண்ட? உங்க வூட்ல கம்ப்யூட்டரே கெடையாது."

"உங்க வூட்ல இருந்து இன்னா, கரண்டு கெடையாது."

இப்படிப் போயிற்று. சேதராப்பட்டுக் கம்பெனியில் ஷிப்டு பார்க்கும் பையன்கள் லீவு போட்டுவிட்டு வந்து தகராறில் கலந்துகொண்டார்கள்.

ஏழாம் நாள் நவரை தொடங்கியது. நவரைக்குப் பனி வேண்டும். ஆகவே மூன்று நாளும் விடியற்காலையில் மடிக்கணினியை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய், துணி போர்த்தாமல் வைத்து, வெயிலேறிய பிறகு கீழே இறக்கினார்கள். கடைசி நாள் காலையில் வயல் விழா. நிவாரணக் கெடுவின் கடைசி நாளும் அதுதான். செல்லப்பன் வெளுத்த சட்டை போட்டு வந்திருந்தார். உழவர்களுக்கெல்லாம் சாம்பார் சாதப் பொட்டலம் ஏற்பாடாகியிருந்தது. விஜயராஜ் கயிற்றைத் தாண்டிப் போய்ப் பொத்தானை அமுக்கினார். கூட்டம் வாய்க்குள் எண்ணியது. நாற்பதாவது எண்ணிக்கைக்குள் கணினி திறந்துகொண்டது. ஜனங்கள் கைதட்டினார்கள். பிறகு ஒப்பீட்டுக்காகப் பழைய ரகத்தைத் திறந்தார்கள். எல்லாரும் சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டுவிட்டு வந்தபோது வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

அருள்மொழி விஜயராஜ் பக்கத்தில் போய் மெல்லக் கேட்டாள். "சார், திரும்ப லினக்ஸ்ல தெறந்து குடுங்க. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்ச மட்டும் பேர ஏத்திடுறேன். இன்னிக்கிதான் கடைசி."

விஜயராஜ் பதறிப்போனார். "ஆய்வுத் திடல்ல கால் வெக்கலாமா மேடம்? மகசூல் கணக்கு மொத்தமும் கெட்டுரும். நாளைக்கு முடிவு அறிவிச்சதும் நீங்க இஷ்டத்துக்கு ஏத்துங்க."

"நாளைக்குத் தளம் மூடிடும் சார்."

"அது வேற பிரிவு மேடம்."

மறுநாள் முடிவு அறிவிக்கப்பட்டது. மூன்றுமே சிறந்தவையாக இருந்ததால், மூன்றின் ஆதரவாளர் மனமும் புண்படாதபடி, ரகம் 'லினக்ஸ்' என்ற பொதுப் பெயரில் வெளியிடப்பட்டது. பலகையையும் கயிற்றையும் கழற்றினார்கள். அருள்மொழி தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்தாள். கணினி கன்றுக்குட்டி மாதிரி ஓடியது. ஏற்றுவதற்குத்தான் ஒன்றுமில்லை.

தை பிறந்ததும் நிவாரணப் பட்டியல் வந்தது. மையம் எண் நான்கில் பயனாளிகள்: ஒன்று. பயிர்: லினக்ஸ். பரப்பு: மேசை ஒன்று. உழவர்: செல்லப்பன், பொறுப்பு.

சேதி கேட்டு ஊர் மொத்தமும் மையத்தின் முன் கூடிவிட்டது. செல்லப்பன் பின்பக்கக் கதவின் தாழ்ப்பாளைச் சரிபார்த்துக்கொண்டார். காசம்மாள்தான் முதலில் பேசினாள், கத்தவில்லை.

"எத்தினி காணி போட்டாரு உங்க சாரு?"

"ஒரு மேசை பெரிம்மா."

"அழுவிப்போச்சா?"

"ரெண்டு எழுத்து போயிடுச்சி."

"எனக்கு ஒண்ணரைக் காணியும் போச்சி." முந்தானையை இழுத்துச் செருகினாள். "அப்ப ஒண்ணு பண்ணு. நானும் லினக்ஸ்தான் போட்டிருந்தேன்னு எழுதிக்க."

"அது பொய்யி பெரிம்மா."

"பின்ன, மேசையில நட்டது மெய்யா?"

இதற்குப் பதில் செல்லப்பனிடம் இருந்தது. தாழ்ப்பாளை விட்டுவிட்டு வந்து சுற்றறிக்கையைப் புரட்டினார். நெல்லுக்குக் கெடு முடிந்துவிட்டது. ஆனால் புதிய ரகம் பயிரிட்ட முன்னோடி உழவர்களுக்குத் தனியாகப் பதினைந்து நாள் இருக்கிறது என்று பத்தி ஏழில் போட்டிருந்தது. ஊர் வரிசையில் நின்றது. எல்லாருக்கும் முன்னால் தங்கவேல் நின்றார். முன்னோடி என்று ஃபிளெக்ஸ் வைத்தது அவர்தான் என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அருள்மொழி தட்டினாள். பெயர், சர்வே எண், பயிர் லினக்ஸ், சேதம் முழுவதும். ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கம் கண் இமைக்கும் நேரத்தில் வந்தது. செத்துப்போன எழுத்து இரண்டையும் வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டிக்கொண்டாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு இப்படி ஒரு சந்தோஷம் கிடைத்ததில்லை. இரண்டே நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஏறிவிட்டார்கள். 'பயிர் விவரங்களைச் சேமிக்கவா? ஓராண்டுக்கு மாற்ற இயலாது' என்று தளம் கடைசியாகக் கேட்டது. இப்போதெல்லாம் கணினி கேட்டவுடன் பதில் சொல்ல முடிகிறதே என்ற உற்சாகத்தில், ஆம் என்று அமுக்கினாள்.

மாசியில் நிவாரணம் வந்தது, ஒருத்தர் விடாமல். காரைக்கால், மாஹே, ஏனாம் உட்பட நான்கு பிராந்தியத்திலும் லினக்ஸ் சாகுபடிப் பரப்பில் மையம் எண் நான்கே முதலிடம் என்று செல்லப்பனுக்குக் கேடயம் கொடுத்தார்கள். காசம்மாள் வந்த காசில் விதையும் உரமும் வாங்கி நவரை நெல் நட்டாள். ஊரே நட்டது. அந்த வருடம் நவரைக்கு ஒரு குறையும் இல்லை. தண்ணீர் அளவாக இருந்தது, பூச்சி இல்லை, கதிர் தரையைத் தொடுகிற மாதிரி சாய்ந்தது. பார்த்தவர்கள் கண்ணு பட்டுவிடும் என்று வாயைத் திறக்கவில்லை.

வைகாசியில் மையத்து வாசலிலேயே அரசு கொள்முதல் தொடங்கியது. தராசு வந்தது, கோணி வந்தது. மாட்டுவண்டியிலும் டிராக்டரிலும் மூட்டைகள் வந்து ரோடு வரை நின்றன. அருள்மொழி மடிக்கணினியை வாசலில் மேசை போட்டு வைத்துக்கொண்டாள். வரிசையில் முதல் ஆள் காசம்மாள். ஐம்பத்தாறு மூட்டை. பேரைத் தட்டினாள். விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

அருள்மொழி அதைப் படித்தாள். திரும்பவும் தட்டினாள். திரும்பவும் உடனே வந்தது.

"இன்னாடி சொல்லுது உன் பொட்டி?"

"உங்க நெலத்துல நெல்லு கெடையாதுன்னு சொல்லுது பெரிம்மா. லினக்ஸ் இருக்காம். நெல்லு விக்கிறதா இருந்தா, நெல்லு போட்டவங்கதான் விக்கணுமாம்."

காசம்மாள் மூட்டை வாயைப் பிரித்து ஒரு கை நெல்லை அள்ளினாள். மேசையைச் சுற்றி வந்து, அள்ளிய கையைத் திரைக்கு நேராக நீட்டினாள். "தோ, காட்டிட்டேன். இப்ப இன்னா சொல்லுது?"

செல்லப்பன் எட்டிப் பார்த்தார். தளத்தில் திருத்தம் என்ற பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால் அடுத்த ஆண்டு வரச் சொன்னது. தங்கவேல் தன் டிராக்டரிலிருந்து இறங்கி வந்து, முன்னோடி உழவர்களுக்கு ஏதாவது தனிப் பத்தி இருக்குமே என்றார். செல்லப்பன் சுற்றறிக்கை முழுவதையும் பார்த்தார். விற்பதற்குப் பத்தி எதுவும் இல்லை.

"ஒருத்தருக்கு இல்லன்னா எல்லாருக்கும் இல்லன்னு ஆயிடுமா?" என்றார் தங்கவேல். "என் பேரைத் தட்டிப் பாரும்மா."

தட்டினாள். பின்னாலிருந்த ஒவ்வொருவரும் தன் பேருக்கு மட்டும் வேறு மாதிரி வரும் என்ற நம்பிக்கையோடு முன்னால் வந்து நின்றார்கள். அருள்மொழி ஒவ்வொரு பேராகத் தட்டிக்கொண்டே இருந்தாள். கணினி எங்கேயும் தயங்கவில்லை, ஒரு தடவைகூடச் சுற்றவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் மூட்டையோடு திருப்பி அனுப்பியாகிவிட்டது. அந்த மையத்தில் அதற்கு முன் எந்த வேலையும் அவ்வளவு சீக்கிரம் முடிந்ததில்லை.